டீச்சர் வேலைக்கு என்ன குறை?

வானொலியில் இரவு நிகழ்ச்சி செய்பவர்களுக்கு இரண்டு வகை அழைப்புகள் வரும். முதல் வகை காற்றலையில் போவது. பெயர், ஊர், பாட்டு, யாருக்கு வாழ்த்து என்று அரை நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டாவது வகை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் நான்கு நிமிடங்களில் எங்களோடு மட்டும் பேசுவது. "தம்பி, இது ரேடியோவுல போகாதுல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். போகாது என்று சொன்னதும் குரலே மாறிவிடும்.

கடந்த ஓராண்டாக அந்த நான்கு நிமிடங்களில் நான் அதிகம் கேட்டது ஆசிரியர்களின் குரல். பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர், அடுத்த ஆண்டுக்குப் பிள்ளைகள் போதிய அளவு சேராவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்றார். தனியார் பள்ளியில் கணிதம் போதிப்பவர், இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கப் போவதாகவும் இரண்டு ஆசிரியர்களில் ஒருவர்தான் இருக்க முடியும் என்றும் சொன்னார். தமிழ்ப்பள்ளியில் தற்காலிகமாக வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது, மேலே எதுவும் தெரியவில்லை என்றார்.

மூவரும் வெவ்வேறு ஊர். ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் மூவரும் பேச்சை முடிக்கும்போது ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "வீட்டுல இன்னும் சொல்லல."

வேலை போகுமோ என்ற பயம் எனக்குப் புதிதல்ல. என் வேலையே ஆண்டுக்கு ஒருமுறை கையெழுத்து கேட்கிற வேலைதான். தொழிற்சாலையில் ஆட்குறைப்பு என்றால் அன்று மாலையே வீட்டில் பேசுகிறோம். ஹோட்டல் மூடினால் பக்கத்து வீட்டுக்காரரே வேறு இடத்தில் ஆள் தேவை என்று தகவல் கொண்டு வருகிறார். ஆசிரியர்கள் மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள்?

எனக்குத் தெரிந்த பதில், நம் சமூகம் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வாக்கியம்: "டீச்சர் வேலைக்கு என்ன குறை?" அரை நாள் வேலை, பள்ளி விடுமுறை, பென்ஷன், யாரும் அசைக்க முடியாத பதவி என்று ஒரு படத்தை வரைந்து வைத்திருக்கிறோம். பெண் பார்க்கும் இடத்தில் "பொண்ணு டீச்சர்" என்று சொன்னால் அதற்குமேல் கேள்வியே வராது. அப்படிப்பட்ட வேலையில் இருப்பவர் "என் வேலை போகப்போகுது" என்று எந்த வாயால் சொல்வார்?

யாருக்கு எந்தப் பயம்?

அந்தப் படம் அரசாங்கத்தில் நிரந்தரப் பதவியில் உள்ள ஆசிரியர்களுக்கு மட்டுமே பொருந்தும். அவர்களுக்கும் முழுதாகப் பொருந்தாது. பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள் என்பதை முடிவு செய்வது எத்தனை வகுப்புகள் என்ற கணக்கு. பிள்ளைகள் குறைந்தால் வகுப்பு குறையும். வகுப்பு குறைந்தால் ஆசிரியர் உபரியாவார். அவருக்கு வேலை போகாது, இடமாற்றம் வரும். வயதான பெற்றோரையும் பள்ளி போகும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போவது சின்ன விஷயம் இல்லை.

நாடு சுதந்திரம் அடைந்த 1957-இல் இங்கே 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530கூட இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாயின, சனங்கள் பட்டணத்துக்கு வந்தார்கள், சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டன அல்லது மூடப்பட்டன. இப்போது இருப்பவற்றில் பாதிக்கும் மேல் 150 பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளிகள். 30-க்கும் குறைவாகப் போன பள்ளிகளில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறார்கள்.

இரண்டாவது கூட்டம் தற்காலிக, ஒப்பந்த ஆசிரியர்கள். இவர்களை யாரும் நீக்கத் தேவையில்லை. கடிதத்தில் போட்டிருக்கும் தேதி வந்தால் போதும்.

மூன்றாவது கூட்டம் தனியார் பள்ளி, அனைத்துலகப் பள்ளி, பாலர் பள்ளி, டியூஷன் மையம் ஆகியவற்றில் வேலை செய்பவர்கள். இவர்களும் ஆசிரியர்கள்தான். ஆசிரியர் தினமான மே 16-இல் இவர்களுக்கும் பூங்கொத்து வருகிறது. ஆனால் வேலை என்று பார்த்தால் இவர்கள் ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள். பெற்றோர் கட்டணம் கட்டினால்தான் சம்பளம்.

அம்மாவின் டிசம்பர் மாதங்கள்

என் அம்மா எண்பதுகளில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தார். பள்ளித் தவணை நவம்பரில் முடியும். அதோடு சம்பளமும் நிற்கும். ஜனவரியில் மறுபடி கடிதம் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. இப்படி எட்டு ஆண்டுகள். பிறகு விடுமுறைக் காலப் பயிற்சியில் சேர்ந்து, தொண்ணூறுகளில்தான் நிரந்தரமானார்.

டிசம்பரில் எங்கள் வீட்டில் தையல் இயந்திரம் ஓயாது. ஜனவரியில் பள்ளி திறப்பதற்குள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை வேண்டுமே. நீலப் பினோபோரும் வெள்ளைச் சட்டையுமாகத் தைத்துக் குவிப்பார். தான் பாடம் சொல்லிக் கொடுப்போமா என்று தெரியாத பிள்ளைகளுக்கே சீருடை தைத்துக் கொடுத்தார்.

அம்மாவின் நிலைமை தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மளிகைக்கடைக்காரர் "டீச்சர், கடிதம் வந்துச்சா?" என்று கேட்பார். வரவில்லை என்றால் கணக்கில் எழுதிக்கொள்வார். பால்மரம் வெட்டுபவர்களுக்கு மழை பெய்தால் வேலை இல்லை. டீச்சருக்கு டிசம்பரில் வேலை இல்லை. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? வீட்டில் நாங்கள் சின்னப்பிள்ளைகள்கூட, புதுச் செருப்பு ஜனவரிக்குப் பிறகுதான் என்று தெரிந்து வைத்திருந்தோம்.

அந்த வறுமையை நான் புகழவில்லை. எட்டு ஆண்டுகள் ஒரு கடிதத்துக்காகக் காத்திருக்க வைத்தது சரியும் இல்லை. ஆனால் அம்மாவுக்குப் பணக்கவலை இருந்ததே தவிர அதை மறைக்கும் கவலை இருந்ததில்லை. நாம் முன்னேறினோம், பட்டம் வாங்கினோம், தரைவீடு வாங்கினோம். அதோடு சேர்த்து இந்த மறைக்கும் பழக்கத்தையும் வாங்கிக்கொண்டோம்.

அக்கா கேட்ட கேள்வி

என் அக்கா கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தனியார் பள்ளியில் 11 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தார். சென்ற ஆண்டு நடுவில் ஒருநாள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "டேய், உங்க ரேடியோவுல பார்ட் டைமா குரல் கொடுக்க ஆள் எடுப்பாங்களா?" என்று கேட்டார். கிண்டல் மாதிரிதான் கேட்டார். ஆனால் என் அக்கா பள்ளிச் சபைகூடலில் ஒலிவாங்கியைப் பிடிக்கவே கூச்சப்படுபவர். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் கார் நின்றது. அக்கா உள்ளேயே உட்கார்ந்திருந்தார். பள்ளி முடிந்து வந்து, இப்படித் தினமும் கால் மணி நேரம் காரிலேயே உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே போவாராம். முகத்தைச் சரி செய்துகொள்ள வேண்டுமே.

பள்ளியில் ஏழு வாரங்களுக்கு முன்பே கூட்டம் நடந்திருக்கிறது. "நாம் எல்லாரும் ஒரு குடும்பம்" என்று தொடங்கி, மாணவர் எண்ணிக்கை சரிந்ததைப் படம் போட்டுக் காட்டி, "மறுசீரமைப்பு" என்ற வார்த்தையோடு முடித்திருக்கிறார்கள். நான்காம் ஆண்டின் இரண்டு வகுப்புகள் ஒன்றாகும். யார் போவார், யார் இருப்பார் என்று சொல்லவில்லை. அதன்பிறகு ஆசிரியர் அறையில் சிரிப்பே இல்லையாம். யார் தலைமையாசிரியர் அறைக்குள் போகிறார், எவ்வளவு நேரம் கழித்து வெளியே வருகிறார் என்று ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"வேலை போயிருச்சுன்னு சொன்னாக்கூட அழுதுட்டு எந்திரிச்சிருவேன்டா. இது தினமும் காலைல எந்திரிச்சு, 28 பிள்ளைங்க முன்னால சிரிச்சுக்கிட்டு நிக்கணும்" என்றார் அக்கா.

அந்தச் சிரிப்பின் பாரம் எனக்குக் கொஞ்சம் புரியும். வீட்டில் என்ன நடந்தாலும், ஒலிவாங்கியில் சிவப்பு விளக்கு எரிந்தால் எங்கள் குரலும் சிரிக்க வேண்டும். ஆனால் நாங்கள் இரண்டு நிமிடம் பேசிவிட்டு ஒரு பாட்டைப் போட்டுவிடலாம். வகுப்பறையில் நடுவில் பாட்டுப் போட முடியாது.

அத்தானுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது. பிள்ளைகளுக்கு ஏதோ ஒன்று தெரிந்திருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மேசைமேல் வைத்த தாள்

எட்டாவது வாரம் அக்காவையும் அழைத்தார்கள். மேசைமேல் ஒரு புது ஒப்பந்தம். ஓராண்டுக்கு மட்டும். சம்பளம் 3,600 ரிங்கிட்டிலிருந்து 3,000 ரிங்கிட். முந்தைய சேவைக்காலம் கணக்கில் சேராது என்று கீழே ஒரு வரி. விருப்பமில்லையென்றால் விலகல் கடிதம் கொடுத்துவிடலாம் என்று மரியாதையாகவே சொல்லியிருக்கிறார்கள். நாளைக்குள் பதில் வேண்டும்.

வேலை கிடைத்தால் போதும் என்று அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அக்கா, "படிச்சுப் பார்க்க ஒரு வாரம் அவகாசம் வேணும்" என்று எழுத்து மூலம் கேட்டார். மறுநாள் விடுப்பு எடுத்து, இரண்டு தோழிகளோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போனார். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. அங்கே தெரிந்துகொண்டதை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது.

மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்கும் தனியார் ஊழியரை ஆட்குறைப்பு செய்தால் சட்டப்படி இழப்பீடு உண்டு. ஓராண்டுக்கு மேல், இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்திருந்தால் ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள். அதற்கு மேல் 20 நாள். ஆண்டுச் சம்பளத்தை 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் வரும். அக்காவின் 11 ஆண்டுகளுக்கு இது சுமார் 26,000 ரிங்கிட். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தாலும், ஆட்குறைப்பில் ஐந்து ஆண்டுக்கு மேல் பணியாற்றியவருக்குக் குறைந்தது 8 வார முன்னறிவிப்பும் தர வேண்டும்.

அடுத்தது சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம். உங்கள் சம்பளச் சீட்டில் எஸ்ஐபி என்று ஒரு சிறு தொகை கழிந்திருக்கும். 2018 ஜனவரியிலிருந்து தனியார் ஊழியர்களிடம் 0.2 விழுக்காடும் முதலாளியிடம் 0.2 விழுக்காடும் பிடிக்கிறார்கள். வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50 விழுக்காடு, பிறகு படிப்படியாகக் குறைந்து ஆறு மாதம் வரை உதவித்தொகை கிடைக்கும். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தானாக விலகல் கடிதம் கொடுத்தவருக்கு இந்தத் தொகை கிடையாது. குறிப்பிட்ட கால ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கும் கிடையாது. அப்படியென்றால் மேசைமேல் இருந்த இரண்டு தாளில் எதில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அடுத்த ஆண்டு அக்கா வெறுங்கையோடு நிற்க வேண்டியிருந்திருக்கும். "குடும்பம்" என்ற வார்த்தைக்கு நடுவே இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

நியாயமில்லாமல் வேலை நீக்கப்பட்டதாக நினைப்பவர் தொழில் உறவு இலாகாவில் முறையிடவும் 60 நாள்தான் கெடு. இதற்குச் சம்பள வரம்பு இல்லை. அவமானம் என்று இரண்டு மாதம் வீட்டுக்குள் முடங்கினால் இரண்டு கதவும் சேர்ந்தே மூடிவிடும்.

சாப்பாட்டு மேசையில் ஒரு கணக்கு

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சொன்னார். நானும் இருந்தேன். அத்தான் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு மாசமா நான் என்னமோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். வீட்டில் அக்கா சிரிக்காததற்கு அவராகவே ஒரு காரணம் கற்பித்து, அதோடு வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறார்.

படிவம் நான்கு படிக்கும் மகன் இன்னும் ஒரு படி மேலே. அம்மாவுக்கு ஏதோ பெரிய வியாதி, அதை மறைக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான். வேலைதான் என்று தெரிந்ததும் அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து அக்கா அழுதுவிட்டார். பையன் சமாளித்துக்கொண்டு, "அப்ப அந்த சனிக்கிழமை டியூஷனை நிறுத்திரலாம்மா, எனக்கு அது எப்பவுமே புடிக்காது" என்றான். இரண்டு மாதத்தில் அந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

பிறகு ஒரு பழைய பள்ளி நாட்குறிப்பின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்கள். மாதச் செலவு 6,300 ரிங்கிட். வீட்டுக் கடன், கார், மளிகை, மின்சாரம், பள்ளிச் செலவு தவிர மற்றதைக் குறைத்தால் 5,200. அத்தான் கையில் வாங்குவது 4,100. ஆக மாதம் 1,100 ரிங்கிட் துண்டு விழும். இழப்பீடு 26,000 ரிங்கிட் கிடைத்தால், வேறு எந்த வருமானமும் இல்லாமலே ஏறக்குறைய இரண்டு ஆண்டு தாக்குப்பிடிக்கலாம்.

அக்கா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்த பயத்துக்கு அளவே இல்லாமல் இருந்தது. இப்போது அதற்கு ஓர் அளவு வந்துவிட்டது. மாதம் 1,100 ரிங்கிட். அது பெரிய தொகைதான், ஆனாலும் நான்கு டியூஷன் பிள்ளைகள் அதில் பாதியை அடைக்கலாம்.

எல்லா வீட்டுக் கணக்கும் இவ்வளவு நல்லபடியாக வராது. தனி ஆளாகப் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு, இழப்பீடே இல்லாத தற்காலிக ஆசிரியர்களுக்குத் துண்டு பெரிதாக விழும். அவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு இன்னும் சீக்கிரம் வேண்டும். கடன் தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் பேசினால் கேட்பார்கள். தவறிய பின் பேசுவது கடினம். ஏகேபிகே அமைப்பில் கடன் ஆலோசனை இலவசம். ஊழியர் சேமநிதியின் மூன்றாவது கணக்கு எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் கை அங்கேதான் முதலில் போகும். அதைக் கடைசியில் தொடுங்கள். மனம் தாங்கவில்லையென்றால் பிஃப்ரெண்டர்ஸ் போன்ற அமைப்புகளில் எந்நேரமும் காதுகொடுத்துக் கேட்க ஆள் இருக்கிறார்கள். எங்களை மாதிரி நான்கு நிமிடத்தில் பாட்டு முடியாது.

அக்கா எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. ஆண்டு இறுதியில் முறைப்படி ஆட்குறைப்பு செய்தார்கள். இழப்பீடு இரண்டு தவணையில் வந்தது. இப்போது காலையில் ஒரு பாலர் பள்ளி, மாலையில் வீட்டில் ஒன்பது பிள்ளைகளுக்கு டியூஷன். முன்பு வாங்கியதைவிட வருமானம் குறைவுதான். பழைய வகுப்புப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த வாழ்த்து அட்டைகளை இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்கிறார். பணத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். 11 ஆண்டு நின்ற வகுப்பறையை அப்படிக் கணக்குப் போட முடியாது. அந்தத் துக்கத்துக்கு வீட்டில் இடம் கொடுத்திருக்கிறார்கள், அதுவே பெரிது.

நாம் செய்யக்கூடியது

ஆசிரியரின் வேலை பிள்ளைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. பாலர் பள்ளிக் கட்டணத்தை மூன்று மாதம் இழுத்தடிக்கும்போது அங்கே ஓர் ஆசிரியையின் சம்பளமும் இழுபடுகிறது. வீட்டருகே உள்ள தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்கு ஒரு பிள்ளையைப் பதிந்தால், வகுப்பு நிலைப்பதற்கு ஒரு தலை கூடுகிறது. எந்தப் பள்ளி என்பது ஒவ்வொரு குடும்பத்தின் முடிவு. ஆனால் முடிவெடுக்கும்போது இந்தக் கணக்கும் நமக்குத் தெரிந்திருக்கட்டும்.

இளம் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நியமனக் கடிதத்தை இன்று எடுத்துப் படியுங்கள். நிரந்தரமா, குறிப்பிட்ட காலமா, எஸ்ஐபி பிடிக்கிறார்களா என்று பாருங்கள். நல்ல காலத்தில் படித்தால் பத்து நிமிட வேலை.

உறவினர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த திருமண விருந்திலோ திறந்த இல்ல உபசரிப்பிலோ ஓர் ஆசிரியரைப் பார்த்தால், "உங்களுக்கென்ன, டீச்சர் வேலை" என்று ஆரம்பிக்காதீர்கள். அதன்பிறகு அவரால் உண்மையைச் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, "இந்த வருஷம் உங்க பள்ளியில எத்தனை பிள்ளைங்க?" என்று கேளுங்கள். சாதாரணக் கேள்விதான். போன வருடத்தைவிடக் குறைவு என்று பதில் வந்தால், கையில் இருக்கும் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.